எண்களின் தோழர் இராமானுசம்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய பெருவழியில், செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்த சிறுசேரி என்னும் ஊர் உள்ளது. அங்கே சென்னைக் கணிதவியல் கழகம் அமைந்திருக்கின்றது. நாட்டின் பல பகுதிகளினின்றும் வந்த இளைஞர்கள் அக்கழகத்தில் தங்கி எண்களின் இயல்புகளை இரவும் பகலும் ஆராய்கின்றனர். எண்ணை ஆராய்வதற்கென்றே ஒரு கழகம் வேண்டுமோ என்று வியப்பவரும் உளர். எண்ணையும் எழுத்தையும் கல்வியின் இரு கண்களாகப் போற்றியவர்கள் நம் முன்னோர். அவ்விரு கண்களுள் ஒன்றாகிய எண்ணையே தம் உயிர் எனக் கொண்டு, வறுமையிலும் பிணியிலும் அதனைக் கைவிடாது, உலகம் போற்றும் புகழை எய்திய தமிழ்நாட்டுப் பெருமகனார் ஒருவர் இருந்தார். அவரே கணித மேதை சீனிவாச இராமானுசம் ஆவார்.

பிறப்பும் இளமையும்

இராமானுசம் 1887 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22 ஆம் நாள், ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதி வந்தார். அன்னையார் கோமளத்தம்மாள் இறையன்பும் மனவுறுதியும் மிக்கவர். அவர்கள் வாழ்ந்த சிறிய வீடு கும்பகோணத்துச் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்தது. தந்தையார் பெற்ற ஊதியம் மிகக் குறைவு. ஆகவே, குடும்பம் செல்வத்தில் வறியதாகவும் ஒழுக்கத்தில் உயர்ந்ததாகவும் விளங்கிற்று.

தாய்வழிப் பாட்டனார் காஞ்சிபுரத்தில் வாழ்ந்த காலத்தில் சிறுவர் இராமானுசமும் அங்கே சில காலம் கல்வி பயின்றார். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்த அந்நகரம் கல்விக்குப் பெயர் பெற்றது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பின்னர்க் கும்பகோணத்துக்குத் திரும்பிய அவர், 1897 ஆம் ஆண்டு நடந்த தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார். அடுத்த ஆண்டில் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் அன்றோ? ஒரு நாள் வகுப்பில் ஆசிரியர் வகுத்தலைக் கற்பித்துக் கொண்டிருந்தார். மூன்று பழங்களை மூன்று மாணவர்க்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று கிடைக்கும். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஈவு ஒன்றே ஆகும் என்று அவர் விளக்கினார். உடனே இராமானுசம் எழுந்து, பழமே இல்லாத இடத்தில் மாணவரும் இல்லையாயின், அப்பொழுதும் ஆளுக்கு ஒரு பழம் கிடைக்குமோ என்று பணிவுடன் வினவினாராம். சுழியைச் சுழியால் வகுத்தல் பொருந்துமா என்பதே அவ்வினாவின் உட்பொருள். வகுத்தல் என்னும் அந்த எளிய செயலே பிற்காலத்தில் அவர்தம் பேராராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று.

பள்ளியில் மாணவர் பலரையும் ஆசிரியர் பலரையும் பொருத்திப் பாடவேளை அட்டவணை அமைப்பது கடினமான வேலை. அதனை மூத்த கணித ஆசிரியர் இராமானுசத்திடமே ஒப்படைத்தார். 1904 ஆம் ஆண்டு பள்ளியில் நடந்த பரிசளிப்பு விழாவில், கணிதத்துக்குரிய அரங்கநாதராவ் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. முழு மதிப்பெண்ணும் இம்மாணவர் தகுதிக்குக் குறைவே என்று தலைமையாசிரியர் கிருட்டிணசாமி ஐயர் அவையோர் முன் பாராட்டினார்.

ஒரு நூலும் அதன் விளைவும்

பள்ளி வாழ்வு முடியும் தறுவாயில், 1903 ஆம் ஆண்டில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று இராமானுசத்தின் கைக்கு எட்டியது. அந்நூலில் பல்லாயிரம் கணித முடிவுகள் வரிசையாகக் கூறப்பட்டிருந்தன. ஆனால் அவற்றை நிறுவும் வழிகள் பெரும்பாலும் தரப்படவில்லை. பிறர்க்கு அது குறையாகத் தோன்றியிருக்கும். இராமானுசத்துக்கோ அதுவே நிறைவாயிற்று. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவினார். நிறுவும்போதே நூலில் இல்லாத புது முடிவுகளையும் கண்டார். அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார்.

கணிதத்தில் மூழ்கிய உள்ளம் பிற பாடங்களை நாடவில்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தபோது கிடைத்த உதவித் தொகை, ஆங்கிலப் பாடத்தில் தவறியமையால் நின்று போயிற்று. மனம் நொந்த அவர் 1905 ஆம் ஆண்டில் வீட்டாருக்கு அறிவியாமல் விசாகப்பட்டினம் சென்று, சில நாள் கழித்துத் திரும்பினார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் கணிதத்தில் சிறந்தாரேயன்றி, உடலியல் முதலிய பாடங்களில் தேறவில்லை. 1907 ஆம் ஆண்டில் தனித்து எழுதிய தேர்விலும் தோல்வியே கண்டார். கல்லூரிக் கதவு அவருக்கு அடைபட்டது.

1909 ஆம் ஆண்டில் இராமானுசத்துக்கும் சானகி அம்மாளுக்கும் திருமணம் நிகழ்ந்தது. குடும்பப் பொறுப்பு வந்தது. ஆனால் கையில் பட்டமும் இல்லை, பணமும் இல்லை. குறிப்பேடுகளை அக்குளில் இடுக்கிக் கொண்டு, வேலை தேடி ஊர் ஊராக நடந்தார். தாள் வாங்கப் பொருள் இல்லாமையால் கற்பலகையில் கணக்கிடுவார், முழங்கையால் அழிப்பார், மீண்டும் எழுதுவார், முடிவை மட்டும் ஏட்டில் குறிப்பார். அதனால்தான் அவருடைய குறிப்பேடுகளில் முடிவுகள் மிகுதியாகவும் விளக்கங்கள் அருகியும் காணப்படுகின்றன.

உதவிய நல்லோர்

1910 ஆம் ஆண்டில் இராமானுசம் திருக்கோவலூருக்குச் சென்று, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயரைக் கண்டார். துணை ஆட்சியராகிய அவரிடம் ஓர் எழுத்தர் வேலை வேண்டினார். குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர், இத்தகைய அறிவாளரை எழுத்தர் வேலையில் அடைப்பது தகாது என்று கருதிச் சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் அளித்தார். அதன் பயனாக நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் சில காலம் திங்கள்தோறும் பொருளுதவி செய்தார். 1911 ஆம் ஆண்டில் இந்தியக் கணிதக் கழக இதழில் இராமானுசத்தின் முதற்கட்டுரை வெளியாயிற்று.

பிறர் பொருளில் வாழ அவருடைய உள்ளம் இசையவில்லை. 1912 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் திங்களுக்கு 30 உரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் வல்லவர். தலைவராக இருந்த சர் பிரான்சிசு இசுப்பிரிங் திறமையை மதிப்பவர். அவ்விருவரும் அவருக்கு அரணாய் நின்றனர்.

நண்பர் தூண்டுதலால் இராமானுசம் இங்கிலாந்து நாட்டுக் கணித அறிஞர்க்குக் கடிதங்கள் எழுதினார். சிலர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1913 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16 ஆம் நாள், கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகப் பேரறிஞர் ஹார்டிக்கு ஒரு கடிதம் வரைந்தார். தம் ஊதியத்தையும், கல்லூரிப் பட்டம் இல்லாமையையும் ஒளியாது கூறி, நூற்றுக்கு மேற்பட்ட கணித முடிவுகளை உடன் இணைத்தார். ஹார்டி முதலில் ஐயுற்றார். பின்னர், தம் நண்பர் லிட்டில்வுடுடன் கூடி ஆராய்ந்து, அவற்றை எழுதியவர் உயர்ந்த கணித மேதையே என்று தெளிந்தார். போலியாகப் புனைவதற்கு இத்துணைக் கற்பனை எவர்க்கும் வாய்க்காது என்பது அவர் கண்ட முடிவு.

அக்கடிதத்தின் பின் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குத் திங்களுக்கு 75 உரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை வழங்கியது. பட்டம் பெறாத ஒருவருக்குப் பல்கலைக்கழகம் அளித்த அரிய சிறப்பு அது. கடல் கடந்து செல்ல அன்னையார் முதலில் இசையவில்லை. பின்னர்த் தாம் கண்ட ஒரு கனவின்படி இசைவு தந்தார் என்பர். 1914 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17 ஆம் நாள் இராமானுசம் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினார்.

மிகு பகு எண்கள்

கேம்பிரிட்சில் டிரினிட்டிக் கல்லூரியில் அவர் செய்த ஆராய்ச்சிகள் பல. அவற்றுள் மாணவர்க்கு எளிதில் விளங்கக் கூடியதும், அவருக்குப் பட்டம் பெற்றுத் தந்ததும், எண்களின் வகைபற்றிய ஆராய்ச்சியாகும்.

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிற எண்ணால் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11 என்பன பகா எண்கள். பிற எண்களால் வகுபடுவது பகு எண் எனப்படும். பகா எண்ணைப் பற்றிப் பழங்காலந்தொட்டே அறிஞர் ஆராய்ந்து வந்தனர். இராமானுசம் அதற்கு நேர்மாறான வினாவை எழுப்பினார். எந்த எண் மிகுதியாக வகுபடும்? பகாத் தன்மைக்கு எதிர்க்கோடியில் நிற்கும் எண்கள் எவை? இவையே அவர் கொண்ட வினாக்கள்.

12 என்னும் எண்ணை எடுத்துக் கொள்வோம். அதனை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12-க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. இங்ஙனம், தனக்கு முற்பட்ட எல்லா எண்களையும் விட மிகுதியான வகுஎண்களை உடைய எண்ணை மிகு பகு எண் எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என அவ்வரிசை வளரும். 24-க்கு எட்டு வகுஎண்கள், 60-க்குப் பன்னிரண்டு, 360-க்கு இருபத்து நான்கு.

உலக வழக்கும் இவ்வெண்களை அறியாமலே போற்றி வந்துள்ளது. நாளுக்கு 24 மணி. மணிக்கு 60 நிமிடம். வட்டத்துக்கு 360 பாகை. தமிழர் நாளை 60 நாழிகையாகவும், நாழிகையை 60 விநாழிகையாகவும் பகுத்தனர். 12 மரக்கால் ஒரு கலம். பலவாறு பகிர்ந்து கொடுப்பதற்கு ஏற்ற எண்களை வணிகரும் உழவரும் காலக் கணிதரும் தேர்ந்து கொண்டனர். துணிக்கடைக் கணக்கரின் மைந்தர் அவ்வழக்கின் அடியில் மறைந்திருந்த விதியைக் கண்டார்.

அவ்விதியைச் சுருங்கக் கூறலாம். எந்தப் பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக எழுதலாம். 12 என்பது 2-ஐ இருமுறையும் 3-ஐ ஒருமுறையும் பெருக்கி வருவது. ஒவ்வொரு பகா எண்ணும் வரும் முறையோடு ஒன்றைக் கூட்டி, அக்கூட்டுத் தொகைகளைப் பெருக்கினால் வகுஎண்களின் தொகை கிடைக்கும். 12-க்கு அது மூன்று பெருக்கல் இரண்டு, ஆக ஆறு. இனி, 18 என்பது 2-ஐ ஒருமுறையும் 3-ஐ இருமுறையும் பெருக்கி வருவது. அதற்கும் ஆறு வகுஎண்களே. ஆனால் அது 12-ஐ விடப் பெரியது. ஆதலின் 18 மிகு பகு எண் ஆகாது. சிறிய பகா எண் பெரிய பகா எண்ணைவிடக் குறைவான முறை வருதல் கூடாது என்பது இதனால் விளங்கும். இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடுதலும் கூடாது. வரிசையின் இறுதியில் நிற்கும் பகா எண், 4, 36 ஆகிய இரண்டு எண்களில் ஒழிய, ஏனையவற்றில் ஒருமுறையே வரும் என்பதையும் இராமானுசம் நிறுவினார்.

இவ்விதிகளைத் துணையாகக் கொண்டு அவர் ஒரு பட்டியல் வகுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட மிகு பகு எண்கள் அப்பட்டியலில் இடம்பெற்றன. அதன் இறுதி எண் 6,74,63,28,38,88,800. அஃதாவது, ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. நொடிக்கு ஒன்றாக ஒருவர் இடைவிடாது எண்ணத் தொடங்கினால், இவ்வெண்ணை அடைய இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். கணிப்பொறி தோன்றாத காலத்தில், தாளும் எழுதுகோலுமே கருவியாக, இராமானுசம் இவ்வெண்ணின் இயல்பைக் கண்டார். அதற்கு 10,080 வகுஎண்கள் உள்ளன.

விடுபட்ட ஓர் எண்

இந்த ஆராய்ச்சிக் கட்டுரை 1915 ஆம் ஆண்டில் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்களில் வெளியாயிற்று. அக்காலத்தில் கழகத்துக்குப் பொருள் முட்டுப்பாடு இருந்தமையால், அச்சுச் செலவைக் குறைக்கும் பொருட்டுக் கட்டுரையின் ஒரு பகுதி விடப்பட்டது. அப்பகுதி பல ஆண்டுகள் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1997 ஆம் ஆண்டில்தான் விளக்கக் குறிப்புகளோடு முறையாக வெளிவந்தது. 1916 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இவ்வாராய்ச்சிக்காகவே கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் இராமானுசத்துக்குப் பட்டம் வழங்கியது. தாய்நாட்டில் தேர்வுகளில் தவறிய அவர், ஆராய்ச்சியால் பட்டம் பெற்றார்.

அப்பட்டியலைப் பின்வந்த அறிஞர்கள் ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தனர். அதில் ஓர் எண் விடுபட்டிருந்தது. அது 2,93,31,86,25,600. அதனை 2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5-ஐ இரு முறையும், 7-ஐ இரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கிப் பெறலாம். முன்னர்க் கூறிய விதிப்படி, ஏழு, ஐந்து, மூன்று, மூன்று ஆகியவற்றையும் நான்கு இரண்டுகளையும் பெருக்கினால், அதற்கு 5,040 வகுஎண்கள் என்பது தெரியும். இதில் ஒரு வியப்பும் உண்டு. விடுபட்ட இவ்வெண்ணை அடுத்த பகா எண்ணாகிய 23 ஆல் பெருக்கினால் வருவது எது? பட்டியலின் இறுதியில் இராமானுசம் நிறுத்திய அதே பேரெண்தான். இறுதி எண்ணைக் கண்ட கண்ணுக்கு, அதனுள்ளேயே உறைந்திருந்த எண் தப்பிவிட்டது.

இதனால் அவருடைய பெருமை குறைந்ததா எனின், இல்லை. பட்டியலில் ஒன்று விடுபட்டதேயன்றி, அவர் நிறுவிய விதிகள் பிழைபடவில்லை. அவர் வகுத்த விதிகளைக் கொண்டு பார்த்தாலே விடுபட்ட எண்ணும் மிகு பகு எண் என்பதன் இலக்கணத்தோடு பொருந்தி நிற்கக் காணலாம். யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. எத்துணைப் பெரியார் கூறினும் அதனை மீண்டும் ஆராய்ந்து மெய் காண்பதே அறிவுடைமை. கணிதத்தில் கூறியவர் பெருமையன்று, கூற்றின் மெய்ம்மையே தீர்ப்பளிக்கும். இராமானுசமும் அந்த முறைமன்றத்துக்கு உட்பட்டே நின்றார். அதனாலேயே அவர் புகழ் நிலைபெற்றது.

பிணியும் பெருமையும்

1914 ஆம் ஆண்டில் தொடங்கிய முதல் உலகப் பெரும்போர் நான்கு ஆண்டுகள் நீடித்தது. இங்கிலாந்தில் உணவுப் பொருள் அருகியது. புலால் உண்ணாத இராமானுசம் தம் கையாலேயே சமைத்து உண்பவர். காய்கறிகள் கிடைப்பது அரிதாயிற்று. சில நாள் சமைக்கவும் மறந்து எண்களோடே வாழ்ந்தார். குளிரும் தனிமையும் பட்டினியும் உடலை வாட்டின. 1917 ஆம் ஆண்டில் நோய்வாய்ப்பட்டு, ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறித் தங்க நேர்ந்தது. அன்றைய மருத்துவர்கள் அதனைக் காசநோய் என்று கருதினர். ஈரலைப் பற்றிய நோயாய் இருத்தல் கூடும் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கூறுவர்.

பிணிப்படுக்கையிலும் எண்கள் அவரைப் பிரியவில்லை. ஒரு நாள் பட்டினி என்னும் இடத்தில் இருந்த மருத்துவமனையில் அவரைக் காண ஹார்டி வாடகை ஊர்தியில் வந்தார். அவ்வூர்தியின் எண் 1729. அது சிறப்பு ஏதும் இல்லாத எண்ணாகத் தோன்றுகிறது என்றும், அது தீக்குறி ஆகாதிருக்க வேண்டும் என்றும் ஹார்டி கூறினார். படுத்திருந்த இராமானுசம் உடனே மறுத்தார். இரண்டு முப்படி எண்களின் கூட்டுத் தொகையாக இருவேறு வகையில் எழுதக் கூடிய எண்களுள் மிகச் சிறியது அதுவே என்று விளக்கினார். 12-இன் முப்படி 1728. அதனோடு 1-இன் முப்படியைக் கூட்டினால் 1729. 10-இன் முப்படி 1000. 9-இன் முப்படி 729. இவற்றைக் கூட்டினாலும் 1729.

நாற்படி எண்களுக்கு அத்தகைய எண் யாது என்று ஹார்டி வினவினார். சிறிது எண்ணிப் பார்த்த இராமானுசம், உடனே தோன்றவில்லை என்றும், அது மிகப் பெரியதாகவே இருத்தல் வேண்டும் என்றும் மறுமொழி கூறினார். அஃது உண்மையே. ஆய்லர் என்னும் பேரறிஞர் முன்னரே கண்டிருந்த அவ்வெண் 63,53,18,657 ஆகும். 59, 158 ஆகியவற்றின் நாற்படிகளைக் கூட்டினாலும், 133, 134 ஆகியவற்றின் நாற்படிகளைக் கூட்டினாலும் அதுவே வரும்.

1729-க்கு வேறொரு சிறப்பும் உண்டு. அது 7, 13, 19 ஆகிய மூன்று பகா எண்களின் பெருக்கம். எனவே பகு எண். ஆயினும், பகா எண்களைக் கண்டறியப் பயன்படும் பழைய சோதனை ஒன்றில் அது பகா எண்ணைப் போலவே நடந்து கொள்கின்றது. இத்தகைய எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். 561, 1105 ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவதாக நிற்பது 1729. மேலும், அதன் இலக்கங்களைக் கூட்டினால் 19. அந்த 19 ஆலேயே அது மீதியின்றி வகுபடும். ஹார்டிக்கு வெற்றெண்ணாகத் தோன்றிய ஒன்று இத்தனை உறவுகளை உடையது. முழு எண் ஒவ்வொன்றும் இராமானுசத்துக்கு உற்ற தோழர் போன்றது என்று லிட்டில்வுடு கருதியதில் வியப்பில்லை. தோழரின் குணங்களை அறியத் தோழமை வேண்டும். அத்தோழமை பல்லாண்டுப் பழக்கத்தால் வருவது. முப்படி எண்களைப் பற்றி அவர் நெடுநாள் ஆராய்ந்து வந்தார் என்பதற்கு அவருடைய குறிப்புகளே சான்று.

1918 ஆம் ஆண்டில் இலண்டன் வேத்தியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில் டிரினிட்டிக் கல்லூரியும் அவரை ஆய்வுறுப்பினராக்கிச் சிறப்பித்தது. அப்பெருமையை அடைந்த முதல் இந்தியர் அவரே.

இறுதி நாட்கள்

1919 ஆம் ஆண்டில் இராமானுசம் தாய்நாடு திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அவருக்குப் பொருள் வழங்க ஏற்பாடு செய்தது. ஒரு காலத்தில் தாள் வாங்கவும் வழியில்லாதவருக்கு இப்பொழுது செல்வம் வந்தது. ஆனால் உடல்நலம் வரவில்லை. கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கி மருத்துவம் செய்து கொண்டார். பின்னர்ச் சென்னைக்கு வந்தார். சானகி அம்மையார் இரவு பகலாக அவருக்குப் பணிவிடை செய்தார். படுக்கையில் கிடந்தபடியே தாள் கேட்டு வாங்கி எழுதிக் கொண்டேயிருந்தார் இராமானுசம். 1920 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தாம் புதிதாகக் கண்ட சார்புகளைப் பற்றி மகிழ்வுடன் குறிப்பிட்டார். அறிஞர்க்கு அவை பல தலைமுறைகளுக்கு ஆராய்ச்சிப் பொருளாயின.

1920 ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 26 ஆம் நாள், சென்னைச் சேத்துப்பட்டில் இராமானுசம் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு அகவை முப்பத்திரண்டு. அவர் இறுதியாண்டில் எழுதிய தாள்கள் இங்கிலாந்து சென்று, பிற தாள்களோடு கலந்து கிடந்தன. 1976 ஆம் ஆண்டில் ஆண்டுரூசு என்னும் அமெரிக்க அறிஞர் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். பட்டியலில் விடுபட்ட எண் கிடைத்தது போலவே, காணாமற்போன ஏடும் உலகுக்குக் கிடைத்தது.

முடிவுரை

இராமானுசம் பிறந்த திசம்பர் 22 ஆம் நாள், 2012 ஆம் ஆண்டு முதல் இந்திய நாட்டில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகின்றது. காஞ்சிபுரத்தில் 1932 ஆம் ஆண்டில் பிறந்த கணிதப் பேராசிரியர் சேசாத்திரி தொடங்கிய ஆராய்ச்சிப் பள்ளியே வளர்ந்து, 2005 ஆம் ஆண்டில் சிறுசேரியில் கணிதவியல் கழகமாக நிலைகொண்டது. சிறுவர் இராமானுசம் பயின்ற அந்நகரத்து மண், ஒரு நூற்றாண்டுக்குள் மற்றொரு கணித அறிஞரையும் நாட்டுக்கு ஈந்தது.

இன்று மாணவர்க்குக் கற்பலகையை முழங்கையால் அழிக்க வேண்டிய நிலை இல்லை. பேரெண் ஒன்றின் வகுஎண்களைக் கணிப்பொறி இமைப்பொழுதில் கூறிவிடும். ஆயினும் எந்த வினாவைக் கேட்க வேண்டும் என்பதைப் பொறி தானே அறியாது. அனைவரும் பகா எண்ணை நோக்கிய காலத்தில், பகுபடும் எண்ணை நோக்கிய உள்ளமே இராமானுசத்தின் தனிச்சிறப்பு. ஒரு தேர்வில் தோற்றவர் வாழ்விலும் தோற்றவர் ஆகார் என்பதையும், தமக்குரிய துறையைக் கண்டு அதில் ஊன்றி நிற்பவர் வறுமையையும் வெல்வர் என்பதையும் அவர் வரலாறு காட்டுகின்றது. அதே வரலாறு, உடலைப் பேணாத உழைப்பு எத்துணைப் பெரிய இழப்பில் முடியும் என்பதையும் நமக்கு உணர்த்துகின்றது. இவ்விரண்டையும் நெஞ்சில் இருத்தி, எண்ணைக் கண்ணெனப் போற்றி, அறிவை வளர்த்தல் மாணவர் கடனாகும்.